செங்கல் யன்னல்

"அப்ப நான் செங்கல்லுக்கோ கை காட்டினனான்?"

கிங் வீதியில் சிவப்பு விளக்குக்கு நின்ற ஸ்ட்ரீட்கார் ட்ராமில், எனக்கு முன் இருக்கையில் ஐம்பது தாண்டிய ஒரு தம்பதி; கேட்டது மனைவி. வெளியே ஒட்டிக் கட்டிய பழைய வீடுகளின் வரிசை, எல்லாம் ஜோர்ஜியன் என்ற ஆங்கிலேயப் பாணி. ஒரு வீட்டு மாடி யன்னலின் பலகைக் கதவுகளைக் கழற்றியிருந்தார்கள். பின்னால் கண்ணாடி இல்லை, செங்கல் சுவர்தான்.

"உது பொய் யன்னலப்பா. உள்ளுக்குப் புகைபோக்கி. முகப்பு ரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரியவேணும் எண்டு அந்தக் காலத்தில வைச்சது. ஹெரிற்றேஜ் வீடெல்லே, தோற்றத்தை மாத்தேலாது; பலகைக்குப் பெயின்ற் அடிச்சுத் திரும்பவும் அப்பிடியே பூட்டுவினம்."

"நாங்கள் உதில வாடகைக்கு இருக்கேக்கயே உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"ஒவ்வொரு காலமையும் வேலைக்குப் போகேக்க, றோட்டில நிண்டு 'போட்டு வாறன்' எண்டு உதைப் பாத்துத்தானே கை காட்டுவன். நீங்கள் பலகை இடுக்கால பாக்கிறியள் எண்டு நினைச்சன்."

"நான் உள்ளுக்கு மாடிப்படியில நிண்டு, வாசல் கதவுக்கு மேல இருக்கிற அரைவட்டக் கண்ணாடிக்குள்ளால பாப்பன். நைற் ஷிப்ற் முடிச்ச களைப்பெண்டாலும், நீர் மூலை திரும்பினாப் பிறகுதான் படுப்பன்."

"ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"சொன்னால் வெக்கத்தில நிப்பாட்டிப்போடுவீர் எண்டு பயம்."

நான் போனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். விளக்கு பச்சையானது.

"ஒருநாளெண்டாலும் திருப்பிக் கை காட்டியிருக்கலாமே?"

"ஒவ்வொரு நாளும் காட்டினனான். நீர் மேலயெல்லே பாத்துக்கொண்டு நிண்டனீர்."