ஐந்து பேர், ஏழு நாள், ஒரு பாய்மரப் படகு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, பல் மருத்துவரான என் மகன், அவனுக்கு மூன்று வயது இளையவளான என் மகள், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என் மாப்பிள்ளை. ஆறாவதாக யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தானும் கூட இருந்ததாகத் தங்களிடம் சொல்லியிருக்கிறாராம். அவர் ஏணி கேட்டு வந்தார்; வாசலில் நின்றபடியே வாங்கிக்கொண்டு போய்விட்டார். விசாரணை அதிகாரியாகிய தாங்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மேசை மேல் கடல் வரைபடம் விரிந்து கிடந்தது. நான்கு மூலைக்கும் நான்கு தேநீர்க் கோப்பை வைத்திருந்தோம். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் ஏரிப் படகைத் தாண்டிப் போனதில்லை. என் மகன் அந்த ஆண்டு இரண்டு வாரம் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு சான்றிதழ் வாங்கியிருந்தான். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, தன் சிகிச்சை நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டியிருந்தான். வாயைத் திறந்து படுத்திருப்பவர்கள் வேறு எதையும் பார்க்க முடியாது. நன்றாக இல்லை என்று சொல்லவும் முடியாது. அன்றிலிருந்து வீட்டில் அவனுக்குக் 'கேப்டன்' என்று பெயர். நாற்பதடிப் படகு ஒன்றை ஏழு நாளைக்கு அவன்தான் வாடகைக்குப் பிடித்திருந்தான். மாலுமி வேண்டாம், நாமே ஓட்டிக்கொள்ளலாம் என்றான்.

ஏற்பாடுகளை என்னிடம் விட்டார்கள். அது இயல்பானதுதான். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் தேர்வறைகளின் முதன்மைக் கண்காணிப்பாளராக இருந்தவன். ஒரே மணியில் ஆயிரத்து இருநூறு பேரை உட்கார வைத்து, அடுத்த மணியில் எழுப்பியவன். ஐந்து பேரைப் படகில் ஏற்றுவது எனக்குப் பெரிய காரியமில்லை.

பட்டியல் போட்டேன். கெட்டியான பெட்டி கூடாது, மடித்து வைக்கக்கூடிய துணிப்பைதான் வேண்டும். படகில் பெட்டி வைக்க இடம் கிடையாது. என் மனைவி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "பெட்டி இல்லாம ஊருக்குப் போனா ஓடிப்போறவ மாதிரி இருக்கும்" என்றாள். படகுத் தளத்தில் கறை விழாமலிருக்க வெள்ளை அடிப்பாகம் வைத்த காலணி வேண்டும். யார் எந்த அறை, யார் எந்த நேரம் சமையல், யார் நங்கூரம் என்று ஆளுக்கு ஓர் எண் கொடுத்தேன். கேப்டன் துணி காயப்போடும் கொடியில் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினான். அதை அவனாலேயே அவிழ்க்க முடியவில்லை. ஒரு வாரம் அந்த முடிச்சோடுதான் எங்கள் துணி காய்ந்தது.

"ஊர் பல்லையெல்லாம் புடுங்கறான், ஒரு முடிச்சப் புடுங்க வரல" என்றாள் அவன் அம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் எங்களுக்குப் பாடம் நடத்தினான். மிளகுத்தூள் புட்டியை நிறுத்தி, "இதுதான் பாய்மரம்" என்றான். ஒரு கரண்டியை அதன்மேல் குறுக்கே படுக்க வைத்து, "இது கிடைக்கட்டை, பாயோட அடிப்பக்கத்தப் பிடிச்சிக்கிட்டு இருக்கும். காத்து பின்னாலேர்ந்து அடிக்கும்போது படகத் திருப்புற சக்கரத்தத் தப்பான பக்கம் கொஞ்சம் திருப்பினா போதும். கட்டை இந்தப் பக்கத்திலேர்ந்து அந்தப் பக்கத்துக்குப் பறக்கும். நடுவுல தலை இருந்தா தலை காலி" என்று கரண்டியைச் சுழற்றினான். அது பிஸ்கட் டப்பாவை மேசையிலிருந்து கீழே தள்ளியது. எல்லோரும் சிரித்தார்கள். நான் அதைச் 'செய்யக் கூடாதவை' என்ற தலைப்பின் கீழ் மூன்றாவதாக எழுதிக்கொண்டேன்.

என் மாப்பிள்ளைக்கு எங்கள் வீட்டில் 'மீன்' என்று பெயர். ஆறு ஆண்டுக்கு முன் பெண் கேட்டு வந்தபோது, பொழுதுபோக்கு என்ன என்று என் மனைவி கேட்டாள். கல்லூரியில் நீச்சலில் பதக்கம் வாங்கினேன் என்றார். நான் அன்றைக்கே நம்பவில்லை. விடை தெரியாதவன் கேள்வித்தாளைப் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும்; பின்னால் நின்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அதன் பிறகு எந்த நீச்சல் குளத்துக்குப் போனாலும் அவருக்குக் காதுவலி வந்துவிடும். செவிப்பறையில் ஓட்டை என்று என் மகளிடம் சொல்லியிருந்தார். அவளும் நம்பினாள்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. சாப்பாட்டு மேசையில் 'எனக்குத் தெரியாது' என்று யாரும் சொல்வதில்லை. என் தந்தை வைத்த ஒழுங்கு, நானும் காத்து வருகிறேன். என் மகள் ஏழு வயதில் ஒருமுறை அப்படிச் சொன்னாள். ஒரு வாரம் சமையலறையில் தனியாகச் சாப்பிட்டாள். பிறகு சொன்னதில்லை. மாப்பிள்ளையும் வந்த சில மாதத்தில் அதைப் புரிந்துகொண்டார். என் பிள்ளைகள் முன்னுக்கு வந்ததற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

காலணி வாங்கப் போன அன்று, கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும் என் மகள் இறங்கவில்லை.

"அப்பா, நானும் அவரும் பிரிஞ்சிடலாம்னு இருக்கோம்."

அடிக்கிறாரா என்று கேட்டேன். வேறு பெண் உண்டா என்று கேட்டேன்.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. அவர் தங்கமான மனுஷன். ஒரே வீட்ல ரெண்டு நல்ல வாடகைக்காரங்க மாதிரி இருக்கோம், அவ்வளவுதான். ஊருக்குப் போயிட்டு வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்தே வக்கீலப் பாக்கப் போறோம். சண்டையே இல்ல." பிறகு, "பயணத்த வேணா நிறுத்திடலாமா?" என்றாள்.

"எதுக்கும்மா நிறுத்தணும்? எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. எல்லாரும் சந்தோஷமா போயிட்டு வரலாம்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க கத்துவீங்கன்னு நினைச்சேன்ப்பா" என்றாள். நான் வாழ்நாளில் யாரிடமும் கத்தியதில்லை. அவளுக்கு ஏழாம் எண், எனக்கு ஒன்பதாம் எண் காலணி வாங்கினோம்.

தாங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக ஒரு திருமணமும் கலைந்ததில்லை. என் தங்கை ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அந்த மனிதர் பேருந்தில் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்துவிடுவார். அவள் மூன்று முறை கைப்பையோடு திரும்பி வந்தாள். மூன்று முறையும் நானே கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். இருபத்தொன்பது ஆண்டு குடித்தனம் நடத்தினாள். அவளுடைய இறுதி ஊர்வலத்தில் யாரும் ஒரு சொல் குறையாகப் பேசவில்லை.

அன்றிலிருந்து ஏற்பாடுகளில் எனக்கு முன்னைவிட ஈடுபாடு வந்தது. கேப்டனின் பாடப்புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். கிடைக்கட்டை பற்றிய அத்தியாயத்தை மூன்று முறை படித்தேன். இந்த வயதில் புதிதாக ஒன்றைக் கற்பது உற்சாகமாகவே இருந்தது.

மாப்பிள்ளையின் கடைக்குப் போனது அடுத்த வாரம். கடலில் கண்ணாடி கழன்று விழாமலிருக்க ஒரு கயிறு வேண்டியிருந்தது. என்னைக் கண்பரிசோதனை நாற்காலியில் உட்கார வைத்து, அவரே கழுத்துக்குப் பின்னால் கயிற்றை அளந்து மாட்டினார். "விழுந்தாலும் மூழ்காது மாமா, மிதக்கும்" என்றார். நல்ல கை. காதில் கொஞ்சமும் உறுத்தவில்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"எனக்கு நீச்சல் தெரியாது. பதக்கம் கிதக்கம் எல்லாம் சும்மா. அன்னிக்கு உங்க எல்லாரையும் வரிசையா பாத்ததும் பயத்துல வாயில வந்திடுச்சு. படகுக்காரங்க படிவம் உங்ககிட்டதானே இருக்கு? அதுல எனக்கு மட்டும் 'இல்லை'ன்னு போட்டுடுங்க. மேசையில வச்சுக் கேக்காதீங்க. மச்சான் காதுல விழுந்தா ஆயுசுக்கும் ஓட்டுவான்."

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிரிவதைப் பற்றி என் மகள் என்னிடம் சொல்லிவிட்டது அவருக்குத் தெரியும். "உங்களப் போய்த் தப்பா நினைச்சிருக்கேன் மாமா" என்றார்.

படிவம் எளிமையானது. பெயர், வயது, சாப்பிடும் மருந்து, நீந்தத் தெரியுமா என்று நான்கு கட்டம். அடியில் சிறிய எழுத்தில் ஒரு விதி. ஒரே ஒருவருக்கு நீந்தத் தெரியாவிட்டாலும் கம்பெனியின் மாலுமி ஒருவர் கட்டாயம் கூட வருவார். நீந்தத் தெரியாதவர் தளத்தில் எந்நேரமும் மிதவைச் சட்டை அணிந்திருக்க வேண்டும். நல்ல விதி. நான் ஐந்து வரியிலும் 'ஆம்' என்று எழுதினேன். மற்ற நால்வரும் நீந்துவோம், ஆகவே ஐந்தில் நான்கு சரி. எண்பது விழுக்காடு என்பது எந்தத் தேர்விலும் முதல் வகுப்பு.

துறைமுகத்தில் கம்பெனிப் பெண் படகை ஒப்படைத்தாள். படிவத்தைப் பார்த்து, "அஞ்சு பேருக்குமே நீச்சல் தெரியும், எங்களுக்கு வேல மிச்சம். மிதவைச் சட்டை இருக்கைக்குக் கீழ இருக்கு, வேணுங்கும்போது எடுத்துக்குங்க" என்றாள்.

மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றார். "எழுதிட்டீங்கதானே மாமா?" என்று காதோடு கேட்டார்.

"எழுதிட்டேன்" என்றேன். அதில் பொய் இல்லை. தன் மானம் போகாமலிருக்க அந்தப் பெண் ஐந்து பேர் என்று பொதுவாகச் சொல்கிறாள், இதுவும் என் ஏற்பாடு என்று அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நன்றியோடு தலையசைத்தார்.

முதல் நாள் காலை அவரே ஒரு மிதவைச் சட்டையை எடுத்துப் பிரித்தார். கேப்டன் பார்த்துவிட்டான்.

"என்ன மச்சான், மீனுக்கே சட்டையா?"

என் மனைவி சிரித்தாள். என் மகளும் சிரித்தாள். "நனைஞ்சா சளி பிடிக்கும்னு போட்டுக்கறாரு போல" என்றாள். அவரும் சிரித்துக்கொண்டே அதை மடித்து உள்ளே வைத்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. ஒருவருடைய கௌரவத்தைப் பார்த்துச் சிரிப்பது என் வழக்கமில்லை. 'எனக்குத் தெரியாது' என்று அவர் அந்த இடத்தில் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதற்கு அவருக்கு இரண்டு முழு நாள் அவகாசம் கிடைத்தது. அதற்கு மேல் நேரம் கொடுப்பது எந்தத் தேர்விலும் இல்லை.

மற்றபடி நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. தண்ணீர் பச்சைக் கண்ணாடி போலிருந்தது. என் மனைவி முதல் நாள் முழுக்கக் கம்பியை விடவில்லை; இரண்டாம் நாள் கேப்டனுக்கே கயிறு இழுக்கக் கற்றுக்கொடுத்தாள். மாலையில் என் மகளும் மாப்பிள்ளையும் சீட்டாட்டத்தில் ஏமாற்றிப் பிடிபட்டுச் சிரித்தார்கள். பார்க்க நல்ல ஜோடி.

மூன்றாம் நாள் மதியம் காற்று பின்னாலிருந்து சீராக அடித்தது. கேப்டன் சக்கரத்தை என்னிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடக் கீழே இறங்கினான். என் மனைவியும் மகளும் ஏற்கெனவே கீழே இருந்தார்கள். மேலே மாப்பிள்ளையும் நானும் மட்டும்.

"மாப்பிள்ளை, பாய்மரத்துக்கிட்ட ஒரு கயிறு ஆடுது பாருங்க. கட்டிட்டு வந்திடுங்க, சேர்ந்தே சாப்பிடலாம்" என்றேன்.

"இதோ மாமா" என்று அறைக் கூரை மேல் ஏறினார். கயிற்றைக் கட்ட நிமிர்ந்து நின்றார்.

நான் சக்கரத்தை ஒரு சாண் திருப்பினேன். கனமான கதவு சாத்துவதுபோல் ஒரு சத்தம். கீழேயிருந்து, "சூப் கொட்டிடுச்சுப்பா" என்று என் மகள் கத்தினாள். "சக்கரம் கொஞ்சம் நழுவிடுச்சு, நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

படகிலிருந்து ஆள் விழுந்தால், பார்த்தவர் உடனே குரல் கொடுக்க வேண்டும், விழுந்தவர் மேலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் ஒருமுறை மேலே வந்தார். கூப்பிடவில்லை. கையை மட்டும் தூக்கினார். அப்போது நான் குரல் கொடுத்திருந்தால் மூன்று பேரும் ஓடி வந்து, அவருக்கு நீந்தத் தெரியாது என்பதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். அந்த அவமானத்தை நான் அவருக்குத் தரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான்கு நிமிடம் நின்றேன். பிறகு கூப்பிட்டேன்.

தாங்கள் அதை விபத்து என்று எழுதி முடித்தீர்கள். நான் மறுக்கவில்லை, யாருக்கும் அதில் தலைகுனிவு இல்லை. இப்போது எழுதக் காரணம், என் மகனுடைய மருத்துவமனைக் காத்திருப்பு நாற்காலிகளில் ஒரு பேச்சு அடிபடுகிறது. என் மகளும் மாப்பிள்ளையும் பிரியப் போனார்களாம், அந்த வேதனை தாங்காமல் அவரே கடலில் விழுந்துவிட்டாராம். அவர் விழவில்லை. நான்தான் அவரைக் கொன்றேன். அதை மேலே சொன்னபடி எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் அந்தப் பேச்சின் முதல் பாதியையும் திருத்தி எழுத வேண்டும். எந்த வக்கீலையும் யாரும் பார்க்கவில்லை, எந்தத் தாளிலும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அத்தனை பேரும் என் மகளைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். எங்கள் குடும்பத்தில் மணவிலக்கு நடக்க இருந்தது என்பது வெறும் வதந்தி.