தன் கோப்பையைத் தானே ஏந்த வேண்டியவள்

என் டைரியில் 1994 ஆகஸ்ட், வியாழக்கிழமை மாலை என்று குறித்து வைத்திருக்கும் பேச்சு இது. லஸ் முனையில் தி.நகர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாவும், பள்ளிச் சீருடையில் பதின்மூன்று வயது மதிக்கத்தக்க மகளும்.

“உன் கப்பை நீயே ஏந்திண்டு நிக்கணுமா? என்னடீ நியாயம் இது?”

“நான்தான் கிளாஸ்ல உயரமாம்மா. அதான் நாளைக்கு ஸ்கூல் விழா மேடையில பரிசுத் தட்டு பிடிக்க என்னைப் போட்டுட்டா.”

“அந்த உயரத்துலதானே ஹை ஜம்ப்ல ஃபர்ஸ்ட் வந்தே! மிஸ்கிட்ட சொல்லலியா?”

“சொன்னேனே. ‘நீதான் மேடையிலயே இருக்கியே, பேர் கூப்பிட்டதும் தட்டுலேர்ந்து எடுத்துக்கோ’ன்னா.”

“அப்போ சீஃப் கெஸ்ட் எதுக்கு வரார், டிபன் சாப்பிடவா? திங்கக்கிழமை கோலம், நேத்து மாறுவேஷம், இன்னிக்கு கண்காட்சி. வாரம் பூரா உன் பின்னாடியே அலையறேன். அப்பா லீவு போட்டு, காமிராவுக்கு புது ஃபிலிம் வாங்கி வெச்சிருக்கார். எதை எடுப்பார், தட்டையா? வேற யாராவது பிடிக்கட்டுமே!”

“மத்தவா எல்லாம் டான்ஸ்ல இருக்காம்மா.”

பஸ் வந்தது. படியில் கால் வைத்த பெண் திரும்பினாள்.

“அம்மா, என் பேர் கூப்பிட்டதும் தட்டை சீஃப் கெஸ்ட் கையில குடுத்துடறேன். அப்புறம் எதிர்ல போய் நின்னு கப்பைக் கேக்கறேன்.”

“குடுடீ. நன்னா ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கச் சொல்லு. இப்போ ஏறு!”

எந்தப் பள்ளி என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் சிறப்பு விருந்தினர் தட்டைப் பிடித்தாரா என்பது இதுவரை உறுதியாகவில்லை.