‘ங்க’ போடாமல்

பஸ்ஸில் ஏறினால் நான் கண்டக்டருக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். வீட்டில் கார் இருக்கிறது. இருந்தாலும் அன்னூர் போக வேண்டுமென்றால் காந்திபுரம் வந்து பஸ் பிடிப்பேன். நம் ஊர்க் கண்டக்டர்கள் திட்டும்போதுகூட ‘ங்க’ போடுவதை விட மாட்டார்கள். படியில் தொங்குகிறவனைப் பார்த்து, “ஏனுங் தம்பி, உங்களுக்கு அறிவுன்னு ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்பார்கள். அவனும் “இல்லீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே வருவான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் முனைவர் பட்ட ஆய்வே இந்த ‘ங்க’வைப் பற்றியதுதான். வேலை செய்கிற இடத்தில் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், மரியாதைச் சொல் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்பது தலைப்பு. நீங்கள் தேவானந்தம் எப்படி இறந்தார் என்று கேட்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். பேனல் ஆபரேட்டர் சென்னகேசவனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள், அவர்மேல் தப்பில்லை. அது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் நான் முழுக்கச் சொல்ல வேண்டும்.

அந்த மோட்டார் பம்ப் கம்பெனி என் தாய்மாமா வேங்கடசாமியுடையது. ஆய்வுக்கு இடம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. “வந்து உக்காந்து என்னத்தையோ எழுதிக்க கண்ணு, மிசினைத் தொட்டுப்போடாத,” என்று மாமா ஒரே வார்த்தையில் அனுமதி கொடுத்துவிட்டார். டெஸ்டிங் பகுதியில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, மடியில் போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன். யார் யாருக்கு ‘ங்க’ போடுகிறார்கள், யாருக்குப் போடுவதில்லை என்று கவனிப்பேன். கொஞ்ச நாளில் எல்லோரும் என்னை மறந்துபோனார்கள். ஒரு ஆய்வாளருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

ஆனால் என் வழிகாட்டிக்கு அது போதவில்லை. பார்த்ததைச் சொல்வதில் என்ன இருக்கிறது, விளைவு எங்கே என்று கேட்டார். ஒன்றை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்று காட்டினால்தான் அது அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியும் என்றார். நியாயமான கேள்விதான். ஆகவே ஒரே ஒருவருக்கு மட்டும் ‘ங்க’வை எடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

தேவானந்தத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் டெஸ்டிங் சூப்பர்வைசர். ஹெல்பராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். வெள்ளகோவில் பக்கம் ஒரு ஊர். அவருடைய அப்பா அங்கே தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவர். முதல் பேட்டியிலேயே அவர் என்னிடம் இப்படிச் சொன்னார்: “எங்கப்பனுக்கு அந்த ஊர்ல சின்னப் பசங்ககூட ங்க போட்டதில்லீங்க அம்மணி. சர்ச்சுல பாஸ்டர் மட்டுந்தான் வாங்கன்னு கூப்புடுவாரு. அதுக்காகவே எங்கப்பன் ஒரு ஞாயித்துக்கெழமை உடாமப் போவாரு. எனக்கு இந்தக் கம்பெனில எல்லாரும் போடறாங்க. அது போதுமுங்க எனக்கு.”

எளிதாகக் கிடைத்தவரிடம் இருந்து எடுத்தால் ஒன்றும் தெரியாது. சம்பாதித்தவரிடம் எடுத்தால்தான் விளைவு துலக்கமாகத் தெரியும். அதற்காகத்தான் அவர். இதில் சாதி எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் அதையெல்லாம் பார்ப்பதில்லை. தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனித் தம்ளர் வைக்கிற வழக்கம்கூட எப்போதோ போய்விட்டது. இப்போது பேப்பர் கப் வந்துவிட்டதல்லவா.

கம்பெனியில் அவரோடு அன்றாடம் பேசுகிற எல்லோரையும், அதாவது டெஸ்டிங்கில் இருக்கிறவர்களையும் ஸ்டோர்ஸில் இருக்கும் அன்புக்கரசியையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். திட்டக் கூடாது. ‘டேய்’ போடக் கூடாது. கேலி கூடாது. எப்போதும் பேசுவதையே பேச வேண்டும், தேவானந்தத்திடம் மட்டும் ‘ங்க’ போடாமல். ‘வாங்க’ என்பதை ‘வா’ என்க வேண்டும், ‘சொல்லுங்க’ என்பதைச் ‘சொல்லு’ என்க வேண்டும். அவருக்கு இது தெரியக் கூடாது. அவ்வளவுதான். அன்புக்கரசி மட்டும், “பாவமுங் அக்கா, எங்கப்பா வயசுங்க அவருக்கு,” என்றாள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அவர்களுக்கு வாயில் வராது, பழகவே வாரக்கணக்கில் ஆகும் என்று நினைத்திருந்தேன். அடுத்த நாள் காலையிலேயே வந்துவிட்டது. ஒருவர்கூடத் தடுமாறவில்லை. வேறு ஒருவருக்கு என்றால் இவ்வளவு சுலபமாக வந்திருக்குமா என்பது தனியாக ஆராய வேண்டிய விஷயம். அதற்கு எனக்கு நேரமில்லை.

அன்று அவர் பேரிங் வாங்க ஸ்டோர்ஸுக்குப் போனார். அன்புக்கரசி நிமிர்ந்து பார்க்காமல், “அங்க இருக்குது, எடுத்துக்கோ,” என்றாள். அவர் எதையோ மறந்தவர் மாதிரி சிறிது நேரம் அங்கேயே நின்றார். பிறகு, “சரிங்க அம்மணி,” என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படவில்லை. பதிலாக, தன் பக்கத்து ‘ங்க’வைக் கூட்டிக்கொண்டார். முன்பெல்லாம் வேலை சொல்லும்போது “அதை மாட்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தவர், “அதைக் கொஞ்சம் மாட்டிப்போடறீங்களா” என்று கேட்க ஆரம்பித்தார். குரலும் இறங்கிவிட்டது. யாராவது பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் முடிக்கும்வரை தள்ளி நிற்பார். கிறிஸ்துமஸுக்கு வருடா வருடம் கேக் கொண்டுவருவாராம். அந்த முறையும் அவர் மனைவி கிருபாவதி செய்து கொடுத்ததைத் தட்டில் துண்டு போட்டு எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனார். சென்னகேசவன் வேலையிலிருந்து திரும்பாமல், “வெச்சுட்டுப் போ,” என்றார். அவர் வைத்துவிட்டுப் போனார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன், ரொம்ப நல்லா இருக்குதுங்ணா என்றும் சொன்னேன்.

யாரிடம் போய் இதைச் சொல்வது? ஒரு நாள் மாமாவின் அறைக்குப் போயிருக்கிறார். மதியம் சாப்பிடும்போது மாமா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். “தேவானந்தம் வந்து நின்னான். மரியாதை கொறைஞ்சு போச்சுங்கறான். யாராச்சும் திட்டுனாங்களாடான்னேன். இல்லீங்கறான். கையை ஓங்குனாங்களான்னேன். இல்லீங்கறான். அப்பறம் எதுக்குடா வந்தேன்னேன். அதுவுந் தெரியலீங்கன்னுபோட்டு போறான்.” மாமாவை நான் ஆய்வில் சேர்க்கவில்லை. அவர் பேச்சில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

அந்தக் கம்பெனியில் அவருக்கு ‘ங்க’ போட்டது நான் மட்டும்தான். அவர் யாரிடமாவது மனம் விட்டுப் பேசினால்தானே எனக்குத் தெரியும். அவரும் என்னிடம்தான் வந்தார். பழைய மோட்டார்கள் அடுக்கி வைத்திருக்கும் மூலையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நா ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா அம்மணி? உங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்க. திருத்திக்கறனுங்க.”

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அதுவரை சேர்த்த எல்லாம் வீண். அவர் மனமும் நோகக் கூடாது. அதனால், “அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா. எல்லாரும் எப்பவும் போலத்தான் பேசறாங்க. இத்தனை வருசமா மோட்டார் சத்தத்துலயே இருக்கறீங்க. காது ஒருக்கா பாத்துக்கங்க,” என்றேன்.

அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று உங்களிடம் என்னால் சொல்ல முடியாது. அது அவருக்குத் தோன்றவே இல்லையாம். சொல்லின் கடைசி காதில் விழாமல் போகிறது, அவ்வளவுதான் என்று எனக்கே விளக்கினார். மறுநாளே லீவு போட்டுவிட்டு இங்கே கோயம்புத்தூர் ராமநாதபுரத்தில் ஒரு காது டாக்டரிடம் போனார். ஒரு மனிதன் தனக்குக் காது கேட்காமல் போயிருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையோடு போய் நான் பார்த்ததில்லை. அடுத்த நாள் நேராக என்னிடம் வந்தார்.

“காது நல்லா இருக்குதாமுங்க,” என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம், போதுமான அளவு கிடைத்துவிட்டது என்று வழிகாட்டி சொன்னார். நான்தான் இன்னும் கொஞ்ச நாள் என்றேன். தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக் காரணங்கள் எல்லாம் தீர்ந்துபோன பிறகு ஒரு மனிதர் என்ன செய்வார் என்று பார்க்காமல் எப்படி முடிப்பது?

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். டெஸ்டிங்கில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரை பெஞ்சில் ஏற்றி, கரண்ட் கொடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள். கரண்ட் கொடுக்கிற பேனல் சூப்பர்வைசரின் முதுகுப் பக்கம் இருக்கும். அவர் “ஆஃப்” என்பார். பேனலில் இருக்கிறவர் சுவிட்சை அணைத்துவிட்டு “ஆச்சுங்க” என்பார். அது காதில் விழுந்த பிறகுதான் அவர் ஒயரில் கை வைப்பார். அந்த ஷெட்டில் நாள் முழுக்க ஆளாளுக்கு ‘ஆச்சு’ சொல்லிக்கொண்டிருப்பார்கள். பெயிண்ட் ஆச்சு, பேக்கிங் ஆச்சு, சாப்பாடு ஆச்சு. ஆனால் ‘ஆச்சுங்க’ என்று வந்தால் அது அவருக்குத்தான். இதை நான் முதல் மாதமே கவனித்திருந்தேன். என் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

அன்று ஒரு மோட்டார் கரண்ட் கொடுத்தும் சுற்றாமல், சத்தமும் இல்லாமல் கிடந்தது. அவர் குனிந்தபடியே, “கொஞ்சம் ஆஃப் பண்ணிப்போடறீங்களா,” என்றார். முந்தைய தேவானந்தத்தின் குரல் அது இல்லை. பேனல்வரைக்கும் அது போகவே இல்லை. அதே சமயம் அன்புக்கரசி ஸ்டோர்ஸ் கதவில் நின்று சென்னகேசவனிடம் டீ ஆச்சுங்களா என்று கேட்டாள். அவர் அவள் பக்கம் திரும்பி, “ஆச்சு,” என்றார்.

நான் பேனலுக்கு எதிரில் இருந்தேன். கரண்ட் போகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேச்சும் எனக்குக் கேட்டது. அந்த ‘ஆச்சு’ யாருக்கு என்று எனக்குத் தெரியும். பழைய நாளாக இருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும், ‘ங்க’ இல்லாத ஒன்றைத் தனக்கென்று அவர் எடுத்துக்கொண்டிருக்கவே மாட்டார். இப்போது எடுத்துக்கொண்டார். தலையை ஆட்டிவிட்டுக் கையை நீட்டினார்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்டால், மறைக்காமல் சொல்கிறேன். ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று தோன்றியது. இத்தனை மாதம் நான் தேடிய விளைவு இதுதான் என்று தோன்றியது. சந்தோஷமாகக்கூட இருந்தது. வாயைத் திறந்தால் பதிவு கெட்டுவிடும் என்று நினைத்தேன். ஆய்வு செய்கிறவர் குறுக்கே போகக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நேரம் இருந்ததா என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. என் போன் உங்கள் மேசையில்தான் இருக்கிறது, போட்டுக் கேளுங்கள். அந்த ‘ஆச்சு’வுக்கும் அதற்குப் பிறகு வருகிற சத்தத்துக்கும் நடுவில் ‘அண்ணா’ என்று ஒரு முறை கூப்பிடும் அளவுக்கு நேரம் இருக்கிறது. நான் கூப்பிடவில்லை. சென்னகேசவனை அனுப்பிவிடுங்கள். அவரை அப்படிப் பேசச் சொன்னதும் நான்தான், நடப்பதைத் தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான்.

அடக்கத்தன்று கிருபாவதி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. “ஊட்டுக்கு வந்தா உங்களைப் பத்தித்தான் சொல்லீட்டு இருப்பாருங்க அம்மணி. அந்தப் புள்ள ஒருத்திதான் என்னை மனுசனா மதிக்குதும்பாருங்க,” என்று அழுதார். அங்கே வந்திருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். நீங்கள் வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளலாம்.

என்மேல் என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், நான் மறுக்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனியில் கடைசி நாள்வரைக்கும் அவனுக்கு மரியாதை கொடுத்துப் பேசியது நான் ஒருத்திதான்.