சொல்லிட்டுப் போடா, நந்து

இப்போதெல்லாம் யாருக்கும் ஒரு வீட்டுக்கு வரவும் தெரியவில்லை, கிளம்பவும் தெரியவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே வருகிறான், போனைப் பார்த்துக்கொண்டே போகிறான். நல்லது கெட்டது எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. நேரில் வந்து சொல்ல ஆளில்லை. அதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறாயே வளவா… உங்கள் தெருவில் கரண்டு வர நேரமாகும் போலிருக்கிறது. நெருங்கி உட்காருங்கள்.

விருத்தாசலம் பக்கத்து மங்களூர்க் கோதண்டபாணி என் சிநேகிதன். அவன் மருமகனுக்கு நடந்தது இது. கோதண்டபாணி பொய் பேசமாட்டான். மருமகனைப் பற்றி எனக்கு அந்த உறுதி கிடையாது.

சாயங்காலம் ஆறரை மணி. ஆயுத பூஜை நாள். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால் போகிற ஒற்றை ரோடு… ஒரு பக்கம் முள்ளுச்செடி, ஒரு பக்கம் வெள்ளை மண் குவியல். ஆள் நடமாட்டம் இல்லை.

மருமகன் பேர் நந்தகுமார். சென்னையில் வேலை. காலாண்டு லீவு விட்டதும் பெண்டாட்டி வேல்விழியையும் சின்னப் பெண் கார்முகிலையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு மாமனார் வீட்டுக்கு வந்திருந்தான். அன்று மத்தியானம் விருத்தாசலத்தில் இவனோடு பீங்கான் தொழில் படித்தவர்கள் எல்லாம் குடும்பத்தோடு கூடினார்கள். பிரியாணி, போட்டோ, சிரிப்பு. அங்கேயே பட்டறை போட்டிருந்த ராஜமாணிக்கம் மட்டும் வரவில்லை. படிக்கிற காலத்தில் இவனும் அவனும் ஒரே தட்டில் தின்றவர்கள். போகிற வழியில் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று வண்டியைத் திருப்பினான்.

மற்றப் பட்டறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கேட்டில் சந்தனப் பொட்டு, வாழைக்கன்று, வாசலில் உடைத்த பூசணிக்காய். ராஜமாணிக்கம் பட்டறையில் அது ஒன்றும் இல்லை. ஆனால் சூளையில் சூடு இருந்தது. உள்ளே சாமான் ஆறுகிற சத்தம்… டிங்… டிங்… ஆயுத பூஜை அன்று எவன் சூளை வைப்பான்? அந்தத் தொழிலையே படித்தவன், அதைக்கூட யோசிக்கவில்லை.

ராஜமாணிக்கம் கேட்டில் நின்றிருந்தான்.

"வந்துட்டியா நந்து."

"என்னடா இப்படி எளச்சிட்ட. பிரியாணின்னா மொத பந்தியில நிப்ப, இன்னிக்கு ஆளயே காணும்."

"எனக்கு யாரு சொன்னா? வாங்கம்மா, வூட்டுக்குள்ள வாங்க."

பட்டறையை ஒட்டித்தான் வீடு. வேறு யாரும் இல்லை. லைட் போடவில்லை. முன்னறையில் உட்கார்ந்து கொஞ்சம் பழைய கதை பேசினார்கள். குழந்தை கையில் ஒரு பீங்கான் கிளியை வைத்தான். சூடாக இருந்ததாம்.

"போயிட்டு வரேன்டா" என்றான் நந்தகுமார்.

"வா" என்றான் அவன்.

வண்டி மதகைத் தாண்டியது. வளைவில் திரும்பியது. எதிரே… அதே கேட்டு. அவன் நின்றிருந்தான்.

"வந்துட்டியா."

"வழி மாறிடிச்சிடா" என்று சிரித்தான் நந்தகுமார். "சரி, போயிட்டு வரேன்."

மதகு. வளைவு. கேட்டு.

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. வந்த திசையிலேயே திருப்பினான். அப்படியும் அந்த வெள்ளை மண் குவியல், அப்படியும் அந்தக் கேட்டு. போனில் மேப்பைப் பார்த்தால் அம்புக்குறி கேட்டடியிலேயே நிற்கிறது, நகரவில்லை. முதலில் கேட்டுக்குள் நின்றவன் அடுத்த தடவை ரோட்டில் நின்றான். அதற்கடுத்து, கார்க் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு தடவையும் இவன் போயிட்டு வரேன் என்கிறான், அவன் வா என்கிறான். பெட்ரோல் விளக்கு சிவப்பாகிவிட்டது. குழந்தை அழுது அழுது வாந்தி எடுத்துவிட்டது.

குழந்தைக்குத் தண்ணீர் எடுக்க வேல்விழி வீட்டுக்குள் போனாள். முன்னறையில் சொம்பு இல்லை. உள்ளறைக் கதவைத் தள்ளினாள்… தரையில் ஒற்றை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். எண்ணெய் வாசனை. வாடின மாலை வாசனை.

திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்தாள். புருஷன் காதோடு சொன்னாள்.

"இது சாவு வூடுங்க. கருமாதி வரைக்கும் வெக்கிற வெளக்கு எரியுது. சாவு வூட்ல யாராவது போயிட்டு வரேன்னு சொல்லுவாங்களா? வாயத் தெறக்காதீங்க. வண்டிய எடுங்க."

எடுத்தான்.

"நந்து… சொல்லிட்டுப் போடா."

உதட்டைக் கடித்துக்கொண்டான். மதகு வந்தது.

"சொல்லிட்டுப் போடா, நந்து…"

பின் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே கேட்டது. வளைவு வந்தது. திரும்பினான்… ரயில்வே ஜங்ஷன் விளக்கு. பஸ் ஹாரன். ஜனங்கள்.

டீக்கடையில் கேட்டதற்கு மாஸ்டர் சொன்னார்: "ராஜமாணிக்கமா? போன வாரமே நெஞ்சு வலியில போயிட்டாரே. சொந்த ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க, காரியமெல்லாம் அங்கதான். இங்க வூடு பூட்டித்தான் கெடக்குது."

நந்தகுமார் போனைத் திறந்தான். கூடப் படித்தவர்கள் குரூப்பில், ஊர் சுற்றினதில் இவன் பார்க்காமல் விட்ட, மாலை போட்ட போட்டோ. கீழே வரிசையாகக் கும்பிட்ட கை. மத்தியானம் இவனோடு பிரியாணி தின்ற அத்தனை பேரும் கும்பிட்டிருந்தார்கள். ஒருத்தன் வாயைத் திறந்து சொல்லவில்லை.

வேல்விழி திரும்பி, பின் சீட்டில் இருந்த குழந்தையைத் தடவிக்கொடுத்தாள். "பயப்படாத கண்ணு. தப்பிச்சி வந்துட்டோம்."

"அந்த மாமா பாவம்மா" என்றது குழந்தை. "கூப்பிட்டுக்கினே ஓடியாந்தாரு. அப்பா பேசவே இல்ல. அதனால நான்தான் சொன்னேன்… போயிட்டு வரேன் மாமான்னு."

தீபாவளிக்கு ஊருக்கு வருவதில்லை என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள். ஆனால் சாயங்காலம் ஆறரை மணி ஆனால் போதுமாம், குழந்தை செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்கிறதாம். அந்தக் கிளியைக் கோதண்டபாணி போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறான். இன்னும் சூடு ஆறவில்லை என்றான்.

குழந்தை கையிலேயே வைத்திருந்தால் எப்படி ஆறும்? அதைத்தான் அவனிடமும் சொன்னேன். இருட்டில் வழி தெரியாமல் சுற்றிவிட்டு ஆயிரம் சொல்வான் மருமகன். நான் நம்பவில்லை.

என் செருப்பு எங்கே… ம், இருக்கிறது.

என்ன வளவா? சொல்லிக்கொள்ளாமல் போகிறேனா?

நீ கேட்டைச் சாத்து.