நடத்தியவர் யாருமில்லை, வந்தவர் ஒருவர்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கிற போதகர் ஐயர் அவர்களே, அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கிற மூப்பர் கொளஞ்சியப்பன் ஐயா அவர்களே, மற்ற மூன்று மூப்பர்களே, கள்ளக்குறிச்சி சபையில் இருந்து வந்திருக்கிற பதினேழு ஆண்களே, என்னோடு சேர்த்து இருபத்தாறு பேராக இருக்கிற பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளே, கரியாலூருக்கு மேலேயிருந்து பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் லாரியிலுமாக இறங்கி வந்திருக்கிற ஒன்பது பேரே, கடையைச் சாத்திவிட்டு வந்து கதவோரம் நிற்கிற ஜாபர் பாய் அவர்களே! மொத்தம் ஐம்பத்தெட்டுப் பேர். எண்ணிவிட்டுத்தான் எழுந்தேன். பரிபூரணம் அம்மாள் உயிரோடு இருந்த நாளில் அவர் முன்னால் இத்தனை பேர் ஒருபோதும் உட்கார்ந்ததில்லை.

என் பெயர் அமிர்தம். மலைச் சபையின் ஆராதனைப் பதிவேடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கீழே வரும். அதைப் பார்த்து நல்ல நோட்டில் எழுதிக் கமிட்டிக்குக் கொடுக்கிறது என் வேலை. எனக்கு மேடைப் பேச்சு வராது. எழுதி வைத்திருப்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

1965-இல் மலைச் சபையின் உபதேசியார் காய்ச்சலில் இறந்துபோனார். போதகர் இல்லாத ஊரில் ஞாயிறு ஆராதனையை நடத்துகிறவர் உபதேசியார். அவருடைய மனைவிதான் நம் பரிபூரணம் அம்மாள். பிள்ளைகள் இல்லை. அடக்கம் முடிந்து இறங்கும்போது அன்றைய கமிட்டியார் அவரிடம் சொன்ன வார்த்தை இது: "ஆள் அனுப்புறோம். அதுவரைக்கும் மணி அடிச்சிக்கினு இரும்மா."

ஆள் வந்தாரா? இருபத்தோரு வருஷம் வரவில்லை. மணி நின்றதா? ஒருநாளும் நிற்கவில்லை!

மணி மட்டுமா? ஜெபம் அவர். பிரசங்கம் அவர். பிரசவத்துக்குத் துணை அவர். புருஷனும் பெண்டாட்டியும் அடித்துக்கொண்டால் நடுவில் போய் நின்றவர் அவர். ஆனால் பிரசங்க பீடத்தில் அவர் ஏறியதில்லை. ஏறு என்று யாரும் சொல்லவில்லை, அதனால் ஏறவில்லை. அதன் பக்கத்தில் தரையில் நின்றே இருபத்தோரு வருஷம் பேசினார். சனிக்கிழமை தோறும் அந்தப் பீடத்தைத் துடைத்து வைத்தவரும் அவர்தான்.

பதிவேட்டில் 'நடத்தியவர்' என்று ஒரு கட்டம் உண்டு. கமிட்டி நியமித்தவர் பெயரை மட்டுமே அதில் எழுதலாம். ஆகவே அந்தக் கட்டம் இருபத்தோரு வருஷமும் காலி. அடுத்த கட்டம் 'வந்தவர்'. அதில் பன்னிரண்டு இருக்கும், ஏழு இருக்கும், நான்கு இருக்கும். சாமை அறுப்பிலும் கடுக்காய் பொறுக்கும் காலத்திலும் அடைமழையிலும் யாருமே வராத ஞாயிறுகள் உண்டு. மொத்தம் முப்பத்தெட்டு. அந்த முப்பத்தெட்டிலும் 'வந்தவர்: ஒருவர்' என்று அவர் கையெழுத்தில் இருக்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நல்ல நோட்டில் அந்த ஞாயிறுகளுக்கு நேராக 'ஆராதனை நடைபெறவில்லை' என்று எழுதினேன். நடத்துகிறவரை வந்தவர் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்பது விதி. விதிப்படி எழுதுகிறோம் என்று எனக்குப் பெருமை வேறு.

1978-இல் பதிவேட்டை அவரே என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் சோறு போட உள்ளே போன நேரத்தில் நல்ல நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டார்.

"இது இன்னா அமிர்தம், நடைபெறவில்லைன்னு போட்டுக்கிற?"

விதியைச் சொன்னேன்.

"நடத்துனவன்னு என் பேரப் போடக்கூடாதுன்னுட்டாங்க. அப்ப நான் வந்தவதான?" என்று சிரித்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஐயர் சொல்றதையும் நானே சொல்லிக்கினு, சபையார் பதில் சொல்றதையும் நானே சொல்லிக்கினு, ஒரு மணி நேரம் ஆச்சு. நடந்துச்சு அமிர்தம்."

சாப்பிட்டார், கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். நான் திருத்தினேனா? இல்லை. கமிட்டிக்குப் போகிற நோட்டில் அடித்தல் இருக்கக் கூடாதே என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளுக்கும் பழையபடிதான் எழுதினேன். அவர் தனியாக இருந்தார் என்று இங்கே எல்லோரும் பேசினீர்கள். அவர் தனியாக இருந்ததைக்கூட இல்லை என்று எழுதியது இந்தக் கை!

இனி அடக்கங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் ஒருவர் இறந்தால் கீழேயிருந்து போதகரோ மூப்பரோ ஏறிப்போக வேண்டும். 1971 மழையில் முனியன் என்கிற பெரியவர் இறந்தார். பாதை இல்லை. பிணம் இரண்டு நாள் காத்திருந்தது. மூன்றாம் நாள் பரிபூரணம் அக்கா, அடக்கத்தின்போது சொல்ல வேண்டிய ஜெபங்களும் வசனங்களும் கொண்ட அடக்க ஒழுங்கைப் படித்து மண் போட்டார். வேறு என்ன செய்வது? அடுத்த வாரம் கீழேயிருந்து மூப்பர் போனார். பெண் படித்தது செல்லாது என்று, மூடின குழியின் மேல் நின்று முதலிலிருந்து மறுபடியும் படித்தார். தூறலில் அவருக்குக் குடை பிடித்தவர் யார்? பரிபூரணம் அக்காதான். "ஒரு தடவ போறதுக்கே முக்கி மொனகுனவரு. ரெண்டாந்தடவையும் அனுப்பி வெச்சிட்டீங்க" என்று முனியன் வீட்டுக்காரம்மா சொன்னதாகவும், மூப்பரே சிரித்துவிட்டதாகவும் அக்கா சொல்வார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மழைக்காலத்துச் சாவுகள் பதினான்கு. பதினான்கு பேரையும் அக்கா ஒருமுறை அடக்கம் செய்தார், கீழேயிருந்து போனவர்கள் இன்னொருமுறை செய்தார்கள். பதினான்கு முறையும் குடை பிடித்தவர் அவரே. பதிவேட்டில் இருப்பது இரண்டாவது தேதிதான்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் மலையில் மணி அடிக்கவில்லை. இதோ, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற செல்லியம்மாள் என்னவோ ஏதோ என்று ஓடியிருக்கிறார். அக்கா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடியே போயிருந்தார். செல்லியம்மாளின் வீட்டுக்காரர் சடையன் நம்மிடம் சேதி சொல்லக் கோமுகி அணை வரைக்கும் இறங்கப் பார்த்தார். மண் சரிந்து பாதை அறுந்திருந்தது, திரும்பிவிட்டார். பழையபடி இரண்டு நாள். பழையபடி மூன்றாம் நாள். ஆனால் இந்தத் தடவை படிக்க யார் இருக்கிறார்கள்? அங்கே படிக்கத் தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் அல்லவா இருந்தார்!

செல்லியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் குழியின் தலைமாட்டில் போய் நின்று, தொடக்கத்திலிருந்து கடைசி ஆமென் வரைக்கும் ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தார். நேற்று அவர் என் வீட்டில் தங்கினபோது, எப்படி வந்தது உனக்கு என்று கேட்டேன்.

"பதினாலு பேருங்க. அக்கா ஒரு தடவ, கீழ இருந்து வந்தவங்க ஒரு தடவ. இருபத்தெட்டு தடவ காதுல வுழுந்தா கல்லுக்கும் மனப்பாடமாவும்" என்றார்.

மூப்பர் கொளஞ்சியப்பன் ஐயா, நீங்கள் ஒவ்வொரு முறையும் ஏறிப்போய் மறுபடி படித்தது வீண்போகவில்லை. செல்லியம்மாளுக்கு அந்த ஒழுங்கைப் பாடம் சொல்லிக்கொடுத்ததில் பாதிப் பங்கு உங்களுடையது!

வருகிற ஞாயிறு நீங்கள் மலையேறப் போவதாகக் கேள்விப்பட்டேன். பரிபூரணம் அக்காவின் குழியின் மேல் நின்று மறுபடியும் அடக்க ஒழுங்கைப் படிக்கப் போகிறீர்களாம். நான் மூப்பர்களை எதிர்த்துப் பேசிப் பழகினவள் அல்ல. ஆனாலும் கேட்கிறேன். ஆண்டவருடைய கல்லறைக்கு விடியுமுன்னே போனவர்கள் யார்? பெண்கள்தான். அவர் உயிர்த்தெழுந்தார் என்று அவர்கள் கொண்டுவந்த சேதியை மறுபடி போய்ப் பார்த்துத்தான் நம்பினார்கள் ஆண்கள். ஆனால் போய்ப் பார்த்ததால் அந்தச் சேதி மாறிவிட்டதா?

என் பங்குக்கு இரண்டு வேலை இருக்கிறது. நல்ல நோட்டில் அந்த முப்பத்தெட்டு ஞாயிறுகளையும் அடித்து, 'வந்தவர்: ஒருவர்' என்று எழுதுவேன். அடித்தல் தெரியட்டும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று, முதல் பஸ்ஸில் மலைக்குப் போவேன். செல்லியம்மாள் மணி அடிக்கட்டும். யாருமே வராவிட்டாலும் 'வந்தவர்' என்ற கட்டத்தில் நான் இருப்பேன்.

உங்களிடம் கேட்பதும் இரண்டுதான். அக்காவை இன்னொருமுறை அடக்கம் செய்ய வேண்டாம். அக்காவின் அடக்கம் நடந்த அந்த வியாழக்கிழமைக்கு நேராக, 'நடத்தியவர்' என்ற கட்டத்தில் செல்லியம்மாள் என்று எழுத எனக்கு உத்தரவு கொடுங்கள்.

போக வேண்டும் என்றே கமிட்டி முடிவு செய்தால், மலையில் இப்போது மழை விடவில்லை. இந்தத் தடவை குடை பிடிக்க ஆள் இல்லை ஐயா.

சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது. பதிவேடு என் வீட்டில் இருக்கிறது, கட்டம் காலியாக இருக்கிறது. அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு ஒரு பதில் சொல்லி அனுப்புங்கள்.