எண்ணெய் இருக்கிற ஊட்டுச் சிநேகிதி

குவைத் சண்டை முடிந்த கோடை அது. காங்கேயத்திலிருந்து கோயமுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். சூலூர் தாண்டியதும் இளையவள் திடீரென்று சொன்னாள்:

"எங்க சரோஜா அச்சு அசல் அமெரிக்காக்காரனேதானுங்க்கா."

"அப்படி என்ன செஞ்சுபோட்டா, அம்மணி?"

"எண்ணெய் இருக்கற ஊருன்னா அவன் கப்பலோட ஓடியாந்தர்றான். இல்லாத ஊருல அடிச்சுக்கிட்டுச் செத்தாலும் எட்டிப் பாக்கறதில்லீங்க. இவளும் எங்க எண்ணெய் மில்லுக்கு வாரம் ஒருக்கா ஓசி எண்ணெய் வாங்கத் தூக்குப்போசியோட வருவா. வந்தா அவ சீலை, அவ ஊட்டுக்காரரு, இதே பேச்சுத்தான். நான் வாயைத் தொறந்தா கொட்டாவி விடுவா."

"போன மாசம் மழை வந்தன்னிக்கும் இருந்தாளே?"

"இருந்தாளுங்க. களம் பூராவும் தேங்காப் பருப்பு காயுது, ஒரு கை புடி சரோஜான்னு கத்தறேன். புதுச்சீலை நனஞ்சுருமுன்னு தாழ்வாரத்துலயே நின்னுக்கிட்டா. ரோட்டுல போன நீங்கதான் ஓடியாந்து அள்ளுனீங்க."

"அப்புறம் வந்தாளா?"

"வந்தா. மில்லை மூடியாச்சுன்னு சொல்லிப்போட்டேன். அன்னைக்குப் போனவதான், சந்தையில பாத்தாலும் மூஞ்சியைத் திருப்பிக்கறா."

மூத்தவள் பதறிப்போனாள். "ஐயோ, நெசமாவே மூடீட்டீங்களா?"

"நீங்க வேற! ராத்திரி பகலா ஓடுதுங்க்கா."

சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு டின்னை இழுத்து மூத்தவளின் காலருகே வைத்தாள். "புது எண்ணெய். உங்களுக்குத்தானுங்க."

சிங்காநல்லூரில் அந்த டின்னை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தபடி இறங்கினார்கள்.