வெற்றுத்தாள் வாசித்தவர்

ஞானசேகரன்: அந்த ஒரு வரிய மட்டும் அடிங்க அண்ணி. மத்ததெல்லாம் இருக்கட்டும்.

தில்லையம்மாள்: எந்த வரி தம்பி?

ஞானசேகரன்: தெரியாத மாதிரி கேக்காதீங்க. நேத்து போன்ல நீங்க படிச்சிக் காட்டினதுதான். 'மன்னிப்புக் கடிதம் கொடுத்து விடுதலையானார்.' நம்ம குடும்பத்துல யாரும் யாருகிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்ல.

தில்லையம்மாள்: கவர்மெண்டுக் காயிதமே இருக்குதாம். ஸ்ரீமதிங்கற பொண்ணு தேடி எடுத்திருக்கு.

ஞானசேகரன்: எமர்ஜென்சி முடிஞ்சி இருவது வருசம் கழிச்சிப் பொறந்த பொண்ணு. அதுக்கு என்ன தெரியும்?

தில்லையம்மாள்: அன்னிக்கி ஜெயிலுக்குப் போன நம்ம பக்கத்து ஆளுங்களப் பத்திப் புத்தகம் போடற அளவுக்குத் தெரியுது. ரெண்டு மணிக்கு இங்க உங்க வீட்டுக்கே வரும். இந்தப் பக்கத்துல வீட்டுக்காரங்க சரின்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு அச்சுக்குப் போவுது.

ஞானசேகரன்: அப்ப ஒழுங்கா எழுதச் சொல்லுங்க. எங்க அண்ணன் இளவரசு சிதம்பரம் கீழவீதியில நின்னத எழுதச் சொல்லுங்க.

தில்லையம்மாள்: அதுவும் இருக்கு. கண்ணாடி போட்டுப் படிங்க.

ஞானசேகரன்: நான் எதுக்குப் படிக்கணும்? பாத்தவன். பேப்பர்ல எத எழுதினாலும் வெட்டின காலம். அண்ணன் பத்து வெள்ளத்தாள விரிச்சிப் புடிச்சிகிட்டு 'இன்றைய செய்திகள்'ன்னாரு. அப்பறம் வாயே தொறக்கல. ஒவ்வொரு தாளாப் பாக்கறாரு... திருப்பறாரு...

தில்லையம்மாள்: காமணி நேரம்.

ஞானசேகரன்: காமணி நேரம். முந்நூறு பேரு. ஒருத்தன் இருமல.

தில்லையம்மாள்: போலீசு 'ஆட்சேபகரமான வெற்றுத்தாள் பத்து'ன்னு எழுதிக் கைப்பத்திகிட்டுப் போனாங்களாம்.

ஞானசேகரன்: சிரிக்காதீங்க.

தில்லையம்மாள்: அவரே சிரிச்சிகிட்டுதான் சொல்லுவாரு. உள்ள ஒம்போது மாசம். 'இனிமே பேசமாட்டேன்னு எழுதிக் குடு, வீட்டுக்குப் போ'ன்னாங்களாம். 'நான் பேசவே இல்லியே'ன்னாராம்.

ஞானசேகரன்: அதான் எங்க அண்ணன். அப்பேர்ப்பட்ட மனுசன் மன்னிப்புக் கேட்டாருன்னு...

தில்லையம்மாள்: ஊரு அப்படித்தான தம்பி சொல்லிச்சி? வெளிய வந்தப்பறம் ஒரு கூட்டத்துக்குக் கூப்புடல. சேத்தியாத்தோப்புல சைக்கிள் கடை, நாப்பது வருசம். பழைய கூட்டாளிங்க வருவாங்க, காத்தடிச்சிப்பாங்க, மொகத்தப் பாக்காமப் போவாங்க. அவரும் சாவற வரைக்கும் ஒரு வார்த்த சொல்லல.

ஞானசேகரன்: சொல்லியிருக்கலாம்...

தில்லையம்மாள்: என்னன்னு?

ஞானசேகரன்: ஒண்ணுமில்ல. விடுங்க.

தில்லையம்மாள்: மாமா அப்ப படுக்கையில கெடந்தாரு இல்ல?

ஞானசேகரன்: 'பெரியவன் வந்தானா, பெரியவன் வந்தானா.' வேற பேச்சே இல்ல. நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். என்னப் பாத்துதான் கேப்பாரு.

தில்லையம்மாள்: வந்தாரே. பதினோரு நாளு அப்பன் தலைய மடியில வச்சிருந்தாரு. அதுக்காகத்தான் எழுதிக் குடுத்திருப்பாருன்னு நெனச்சேன். எனக்கு அதுல கொறையும் இல்ல. முந்தாநாளு வரைக்கும் அப்படித்தான் நெனச்சிகிட்டிருந்தேன்.

ஞானசேகரன்: முந்தாநாளு என்ன?

தில்லையம்மாள்: அந்தக் கடிதத்த ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துச்சி அந்தப் பொண்ணு. இந்தாங்க. உச்சியில பாருங்க. என்ன இருக்கு?

ஞானசேகரன்: ...பிள்ளையார் சுழி.

தில்லையம்மாள்: எங்க கலியாணத்துக்கு ஐயரு கெடையாது, ஓமம் கெடையாது. மளிகை லிஸ்ட்ல நான் சுழி போட்டா 'கடைக்காரன் என்ன புள்ளையாரா'ன்னு கேட்ட மனுசன். அவரா இதப் போட்டாரு?

ஞானசேகரன்: அண்ணி...

தில்லையம்மாள்: நம்ம வீட்டுக் கலியாணப் பத்திரிகைக்கெல்லாம் விலாசம் எழுதற கை எது, எனக்குத் தெரியாதா?

ஞானசேகரன்: இருவது வயசு எனக்கு. அப்பா இழுத்துகிட்டுக் கெடக்கறாரு. அண்ணன் ஒத்துக்கவே மாட்டாருன்னு தெரியும். அவரு பேர்ல நானே எழுதித் தபால்ல போட்டேன். எங்க விடப்போறாங்கன்னுதான் நெனச்சேன். விட்டுட்டாங்க. கடலூர் ஜெயில் வாசல்லேர்ந்து நான்தான் கூட்டியாந்தேன். பஸ்ஸுல வெள்ளாத்துப் பாலம் வந்தப்ப, 'என் கையெழுத்த எப்பக் கத்துகிட்ட'ன்னாரு. அவ்வளவுதான்.

தில்லையம்மாள்: 'நான் எழுதல'ன்னு வாயத் தொறந்திருந்தா அடுத்த பஸ்ஸுல உங்களக் கொண்டுபோயிருப்பாங்க.

ஞானசேகரன்: அந்த ஆட்சி போனப்பறமாவது சொல்லுவாருன்னு பாத்தேன். அதுக்குள்ள எனக்குத் தாலுகா ஆபீசுல வேலை. என் வேலைக்காக வாய மூடினாரு. நான் ரிடையர் ஆன அன்னிக்கி மாலையோட வந்தாரு. அப்பவும் சொல்லல.

தில்லையம்மாள்: நீங்க சொல்லியிருக்கலாம்.

ஞானசேகரன்: எப்படி அண்ணி? இளவரசு தம்பின்னு நெஞ்ச நிமித்தி நடந்தே பழகிட்டேன்... இப்பவும் அதத்தான் சொல்றேன். அந்த வரிய அடிங்க.

தில்லையம்மாள்: அத வரும்போது பஸ்ஸுலயே அடிச்சிட்டேன். அதுக்குப் பதிலா என்ன போடணும்னு கீழ நாலு வரி எழுதியும் வச்சிருக்கேன். உங்க வாயால வரட்டும்னுதான் இவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன். இந்தாங்க பேனா. கையெழுத்துப் போடுங்க தம்பி... இந்தத் தடவ உங்க பேர்லயே.